கொட்டேஷனுக்குள் என்ன இருக்கிறது? தென்னாப்பிரிக்காவில் நம்பகமான ஆளைப் பிடிக்கவும் நியாயமான காசு கொடுக்கவும்

டர்பன் பக்கம் புதிதாகக் குடிவரும் தமிழ்க் குடும்பங்கள் முதல் மாதத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "நல்ல பிளம்பர் யாராவது தெரியுமா, அண்ணா?" நம்பரைக் கொடுத்தவுடன் அடுத்த கேள்வி வரும்: "எவ்வளவு கேட்பார்?" இந்த இரண்டு கேள்விகளையும் தனித்தனியாக வைத்துக்கொள்வதால்தான் பலர் ஏமாறுகிறார்கள், இன்னும் பலர் நல்ல தொழிலாளியை நோகடிக்கிறார்கள் என்பது என் எண்ணம். ஒரு விலைக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று படிக்கத் தெரிந்துவிட்டால், ஆள் நம்பகமானவரா என்பதும் தெரிந்துவிடும், கேட்ட காசு நியாயமா என்பதும் தெரிந்துவிடும்.

டர்பனின் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் வட்டாரத்துச் சிறு தொழில்காரர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. பிளம்பர், எலக்ட்ரீஷியன், கார் மெக்கானிக், பந்தல் போடுகிறவர் என்று பலருடைய இன்வாய்ஸும் செலவுச் சீட்டும் என் மேசைக்கு வரும். வாடிக்கையாளர்கள் இந்த ஊரில் எதைக் கேட்கத் தவறுகிறார்கள் என்பதை அங்கிருந்து பார்க்க முடிகிறது.

முதலில் கொட்டேஷன்

வேலைக்கு வருகிறவர் சுற்றிப் பார்த்துவிட்டு "ஒரு எட்டாயிரம் ஆகும்" என்று வாயால் சொன்னால், அதைக் கொட்டேஷன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எழுத்தில் வரவேண்டும். வாட்ஸ்அப் செய்தியாக வந்தாலும் போதும். எந்த வேலை, என்னென்ன பொருள், எந்த அளவு, கூலி எவ்வளவு, எத்தனை நாளில் முடியும், எதெல்லாம் இந்த விலையில் சேராது என்பவை அதில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன "எதெல்லாம் சேராது" என்பதைத் தானாகவே எழுதி அனுப்புகிறவரை எனக்கு உடனே பிடித்துவிடும். வேலையை மனதில் ஒருமுறை செய்து பார்த்தவரால்தான் அதை எழுத முடியும்.

இது வெறும் நல்ல பழக்கம் மட்டும் இல்லை, சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2008-ல் இயற்றப்பட்டு 2011-ல் முழுமையாக நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பழுதுபார்க்கும் வேலை எதற்கும் முன்கூட்டியே மதிப்பீடு பெற உங்களுக்கு உரிமை உண்டு. வேண்டாம் என்று நீங்களே சொன்னால் ஒழிய, அது இல்லாமல் வேலையைச் செய்துவிட்டுக் காசு கேட்க முடியாது. மதிப்பீட்டைத் தாண்டிச் செலவு போகும் என்றால், தாண்டுவதற்கு முன் உங்களிடம் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். திறந்து பார்த்து என்ன கோளாறு என்று கண்டுபிடிப்பதற்குக் கட்டணம் உண்டென்றால் அதையும் முதலிலேயே சொல்ல வேண்டும். பழுதுபார்க்கும்போது மாட்டிய புதுப் பாகத்துக்கு மூன்று மாத உத்தரவாதம் உண்டு. கழற்றிய பழைய பாகத்தை நீங்கள் திரும்பக் கேட்கலாம். காரை ரிப்பேருக்கு விடும்போது "பழைய பார்ட்ஸை எடுத்து வையுங்கள், வாங்கிக்கொள்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். நேர்மையான மெக்கானிக் முகம் சுளிக்கவே மாட்டார்.

ஒரு கீசரை வைத்துப் பார்ப்போம்

கீசர் வெடித்து, கூரைப்பலகை வழியாகத் தண்ணீர் கொட்டுகிறது. 150 லிட்டர் கீசர் ஒன்று மாற்ற வேண்டும். இரண்டு பேரிடம் விலை கேட்கிறீர்கள். ஒருவர் 8,400 ரேண்ட் என்கிறார், இன்னொருவர் 11,500 என்கிறார். (எண்கள் உதாரணத்துக்கு.) வீட்டில் எல்லோரும் முதல் ஆளையே கூப்பிடச் சொல்வார்கள்.

இரண்டு கொட்டேஷன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். முதல் ஆள் எழுதியது ஒரே வரி: "150 லிட்டர் கீசர், கூலியுடன்." இரண்டாமவர் கீசருக்கு அடியில் வைக்கும் தட்டு, அந்தத் தட்டிலிருந்து வீட்டுக்கு வெளியே போகும் குழாய், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு, சூடும் அழுத்தமும் மீறினால் திறந்துகொள்ளும் பாதுகாப்பு வால்வு, குளிர்நீர்க் குழாயிலும் சுடுநீர்க் குழாயிலும் ஒவ்வொரு வேக்குவம் பிரேக்கர், கீசர் பக்கத்திலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், கடைசியில் சான்றிதழ் என்று எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார். இதில் எதுவும் ஆடம்பரம் இல்லை. கீசர் பொருத்துவதற்கான தென்னாப்பிரிக்கத் தர விதி, எண் 10254, கேட்பவைதான் இவை.

வேக்குவம் பிரேக்கரை மட்டும் எடுத்துக்கொள்வோம். தெருக் குழாயில் தண்ணீர் நின்று குழாய் காலியாகும்போது, கீசருக்குள் இருக்கும் தண்ணீரும் பின்னோக்கி இழுபடும். உள்ளே வெற்றிடம் உண்டாகும். அப்போது காற்றை உள்ளே விடுவதற்கு ஒரு வழி இல்லையென்றால் தொட்டி உள்வாங்கி நசுங்கிப் போகலாம். அந்த வழிதான் இந்தச் சின்னப் பாகம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, அங்குள்ள மக்கள் மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீர் இல்லாமல் தவித்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். தண்ணீர் வருவதும் நிற்பதுமாக இருக்கும் ஊரில் இந்தப் பாகத்தை விட்டுவிட்டுக் கீசர் மாட்டுவது பெரிய தவறு. ஆனால் கொட்டேஷனில் விலையைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் காணாமல் போவது இதுவும் அடித்தட்டும்தான். வீட்டுக்காரர் யாரும் கூரைக்கு மேல் ஏறிப் பார்ப்பதில்லையே!

ஆகவே அந்த 3,100 ரேண்ட் வித்தியாசம் ஒருவர் பேராசைக்காரர், இன்னொருவர் நல்லவர் என்பதால் வந்தது இல்லை. இருவரும் வேறு வேறு வேலைக்கு விலை சொல்லியிருக்கிறார்கள். முதல் ஆளிடம் "இந்தப் பட்டியலில் உள்ளவை எல்லாம் உங்கள் விலையில் உண்டா?" என்று கேளுங்கள். "உண்டு, எழுதித் தருகிறேன்" என்றால் தாராளமாக அவரிடமே கொடுக்கலாம். "அதெல்லாம் தேவையில்லை, சும்மா காசு பிடுங்குகிறார்கள்" என்றால் அவரை அனுப்பிவிடுங்கள்.

யாரிடம் எந்தச் சீட்டு இருக்க வேண்டும்

எல்லாத் தொழிலுக்கும் சான்றிதழ் தேவையில்லை. புல் வெட்டுகிறவருக்கும் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவருக்கும் வேலைதான் சாட்சி. உயிருக்கு ஆபத்தான வேலைகளில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பிளம்பர் என்றால் பி.ஐ.ஆர்.பி. எனும் பதிவு வாரியத்தில் பதிந்து உரிமம் பெற்றவரா என்று பாருங்கள். உரிமம் பெற்றவர் கீசர் வேலை முடிந்ததும் சான்றிதழ் கொடுப்பார். கேஸ் அடுப்புக்குக் குழாய் இழுக்கிறவர் கேஸ் வேலைக்கென்று தனியாகப் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். பூட்டுத் திறப்பவர், அலாரம், கேமரா மாட்டுகிறவர் ஆகியோர் தனியார் பாதுகாப்புத் துறைக்கான 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். பூட்டுக்காரருக்குப் பதிவு வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. உங்கள் வீட்டுச் சாவியைக் கையில் வாங்குகிறவர் அவர், கட்டாயம் கேளுங்கள். புது வீடு கட்டித் தருகிறவர் என்.எச்.பி.ஆர்.சி. எனும் வீடு கட்டுவோர் பதிவு மன்றத்தில் பதிவு செய்தவராக இருந்து, வீட்டையும் கட்டத் தொடங்கும் முன்பே அங்கே பதிந்திருக்க வேண்டும். அப்படிச் செய்தால் கட்டுமானத்தின் பெரிய குறைகளுக்கு ஐந்து வருடம், கூரைக் கசிவுக்கு ஒரு வருடம், சின்னச் சின்னக் குறைகளுக்கு மூன்று மாதம் என்று பாதுகாப்பு கிடைக்கும்.

மின்சார வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2022, 2023-ல் லோட்ஷெடிங் எனும் சுழற்சி மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, தெருவுக்குத் தெரு இன்வெர்ட்டர் மாட்டுகிறவர்கள் முளைத்தார்கள். அவர்களில் அருமையான வேலைக்காரர்களும் உண்டு, வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு வந்தவர்களும் உண்டு. பிரித்தறிய ஒரே ஒரு காகிதம் போதும்: சி.ஓ.சி. என்று எல்லோரும் சொல்லும் கம்ப்ளையன்ஸ் சான்றிதழ், அதாவது மின்சார வேலை விதிப்படி இருக்கிறது என்ற சான்று. தொழிலாளர் துறையில் பதிவு பெற்றவர் மட்டுமே அதில் கையெழுத்துப் போட முடியும். சான்றிதழோடு சோதனை அறிக்கையும் இணைந்திருக்க வேண்டும். அளவெடுத்த எண்கள் எதுவும் இல்லாமல் வெறும் ஒற்றைத்தாள் வந்தால் அதை ஏற்காதீர்கள். முன்பே சான்றிதழ் இருக்கும் வீட்டில் புதிதாக எதையாவது சேர்த்தால், அந்தப் பகுதிக்குத் தனிச் சான்றிதழ் வாங்க வேண்டும். வீட்டை விற்கும்போது சி.ஓ.சி. இரண்டு வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. 2023 மார்ச்சிலிருந்து ஒரு வருடத்துக்கு, சோலார் பலகை போட்டவர்களுக்கு 15,000 ரேண்ட் வரை வருமான வரிச் சலுகை கிடைத்ததே, அதைக் கேட்பதற்கும் இந்தக் காகிதம் தேவைப்பட்டது. மலிவாக மாட்டியவர்களில் சிலர் அப்போதுதான் விழித்துக்கொண்டார்கள்.

அப்புறம், வாட் வரி. இப்போது 15 சதவீதம். சின்னத் தொழில்காரர் பலர் அதற்குப் பதிவு செய்திருக்க மாட்டார்கள், செய்ய வேண்டிய கட்டாயமும் இருக்காது. அது குறையே இல்லை. ஆனால் பதிவு செய்யாதவர் இன்வாய்ஸில் வாட் என்று ஒரு வரி சேர்த்து வாங்கக் கூடாது. வாட் எண் 4-ல் தொடங்கும், பத்து இலக்கம் இருக்கும். வருமான வரித் துறையின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். இரண்டு நிமிட வேலை.

"நம்ம ஆளு"

சான்றிதழ் தேர்ச்சியைக் காட்டும், குணத்தைக் காட்டாது. அதற்கு நம்மிடம் பழைய வழி ஒன்று இருக்கிறது. கோவிலில், கல்யாண மண்டபத்தில், தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை விட வரும் இடத்தில் நாலு பேரை விசாரிப்பது. அதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் விசாரிக்கும்போது "ஆள் எப்படி?" என்று கேட்டால், "நல்ல பையன், நம்ம மாமாவுக்குச் சொந்தம்" என்றுதான் பதில் வரும். அதனால் உங்களுக்கு ஒன்றும் தெரியப் போவதில்லை. "வேலை முடிந்து ஆறு மாதம் கழித்து ஏதாவது கோளாறு வந்ததா? கூப்பிட்டபோது வந்தாரா?" என்று கேளுங்கள். கோளாறு யாருக்கும் வரும். கூப்பிட்டபோது போனை எடுத்தாரா என்பதுதான் ஆளைக் காட்டும். முடிந்தால் அவர் செய்து ஓரிரு வருடமான வேலையைப் போய்ப் பாருங்கள். புதிதாகப் பூசிய சுவர் எல்லாமே அழகாகத்தான் இருக்கும், டர்பனின் ஈரமும் உப்புக்காற்றும் ஒரு மழைக்காலம் அடித்த பிறகுதான் பூச்சின் யோக்கியதை தெரியும்.

நம்ம ஆளு என்பதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதுதான் எனக்கு வருத்தமானது. நம்மவர் என்றால் விலையைக் குறைப்பார், காசைத் தாமதமாகக் கொடுத்தாலும் பொறுத்துக்கொள்வார் என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். பெரிய மாலில் விலைச்சீட்டில் போட்டிருக்கும் காசை மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டு, வார்விக் பக்கத்து விடியற்காலைச் சந்தையில் கொத்தமல்லிக் கட்டுக்கு ஒரு ரேண்ட் குறைக்கச் சொல்லி நிற்கிறோம். அந்தச் சந்தை 1910-ல் எழுந்தது. ஒப்பந்தக் கூலிகளாக வந்து, ஒப்பந்தம் முடிந்ததும் துண்டு நிலத்தில் காய்கறி போட்டு விற்றவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தலைமுறையாகக் கடை போட்ட இடம். 2009-ல் அதை எடுத்துவிட்டு மால் கட்ட நகராட்சி திட்டம் போட்டபோது வியாபாரிகள் சேர்ந்து எதிர்த்து நின்றார்கள், சந்தை பிழைத்தது. சிறு வியாபாரம் இந்த ஊரில் நம் குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியது. அதை நடத்துகிறவரிடம் மட்டும் பேரம் பேசுவது நியாயமாகப் படவில்லை.

மணிக்கு 450 ரேண்ட் எங்கே போகிறது

"ஒரு மணி நேரத்துக்கு 450 ரேண்டா? என் சம்பளமே அவ்வளவு இல்லையே!" என்று பலர் சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். குறைந்தபட்சக் கூலி மட்டும் அரசு நிர்ணயித்தது, மற்றத் தொகைகள் உதாரணத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை.

ஒரு எலக்ட்ரீஷியன், ஒரு உதவியாள், பக்கி என்று இங்கே சொல்லும் ஒரு பிக்கப் வண்டி. நாளுக்கு ஒன்பது மணி நேரம் வெளியே இருக்கிறார்கள். அதில் ஐந்து மணி நேரத்துக்குத்தான் காசு வரும். மீதி நேரம் சாலையிலும், கடையில் பொருள் வாங்கும் வரிசையிலும், இலவசமாகக் கொட்டேஷன் கொடுக்கப் போன வீடுகளிலும் கழிகிறது. ஐந்து மணி நேரத்துக்கு 2,250 ரேண்ட் வரவு. 2025 மார்ச்சில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ரேண்ட் என்று ஆனது. ஒன்பது மணி நேரத்துக்கு 259 ரேண்ட். கை பழகிய உதவியாளை அந்தக் காசுக்கு வைத்துக்கொள்ள முடியாது, 350 என்று வைப்போம். டீசல் 250. பக்கியின் தவணை, இன்சூரன்ஸ், டயர் ஆகியவற்றை நாள் கணக்கில் பிரித்தால் 450. கருவிகள், போன், பதிவுக் கட்டணம், வேலையில் யாருக்காவது சேதம் ஆனால் ஈடுகட்டும் காப்பீடு, எல்லாம் சேர்ந்து 200. மொத்தச் செலவு 1,250. மிச்சம் 1,000.

ஒன்பது மணி நேரத்துக்கு ஆயிரம் என்றால் மணிக்கு 110 சொச்சம். வருமான வரி இதிலிருந்துதான். மழை பெய்து வேலை நின்ற நாளுக்கும், காய்ச்சலில் படுத்த நாளுக்கும், தீபாவளிக்கும் இதிலிருந்துதான். இப்போது மூன்று மணி நேர வேலைக்கு 1,350 கேட்டவரிடம் நீங்கள் 300 குறைக்கிறீர்கள். டீசல் நிலையத்தில் அந்த 300-ஐக் குறைக்க மாட்டார்கள். உதவியாளின் கூலியையும் சட்டப்படி ஓரளவுக்குக் கீழே இறக்க முடியாது. அது முழுவதும் அவருடைய ஆயிரத்திலிருந்து போகிறது, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. இல்லையென்றால் வேலையிலிருந்து போகிறது: மெல்லிய கம்பி, மலிவான சுவிட்ச், சோதிக்காமல் எழுதிய சோதனை அறிக்கை.

அதனால் நான் விலையில் பேரம் பேசுவதில்லை, வேலையின் அளவில் பேசுவேன். "என் கையில் ஆறாயிரம்தான் இருக்கிறது, இதில் எதை இப்போது செய்யலாம், எதை மூன்று மாதம் கழித்துச் செய்யலாம்?" என்று கேட்டால் நல்ல தொழிலாளி யோசித்து வழி சொல்வார். பழைய குப்பையை நாமே அப்புறப்படுத்தினால் எவ்வளவு குறையும் என்று கேட்கலாம். டைல்ஸை நாமே வாங்கித் தரலாம். இவையெல்லாம் இரண்டு பக்கத்துக்கும் கெடுதல் இல்லாத சேமிப்பு.

வீட்டு வேலைக்கோ தோட்டத்துக்கோ ஆள் வைத்தாலும் இதே நியாயம்தான். இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் கூப்பிட்டாலும் நான்கு மணி நேரக் கூலி கொடுக்க வேண்டும் என்பது சட்டம். மாதத்துக்கு 24 மணி நேரத்துக்கு மேல் உங்களிடம் வேலை செய்தால் யூ.ஐ.எஃப். எனும் வேலையின்மைக் காப்பீட்டு நிதியில் பதிவும் செய்ய வேண்டும், அவர் பங்கு ஒரு சதவீதம், உங்கள் பங்கு ஒரு சதவீதம்.

கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி. வாரண்டி போய்விடுமோ என்று பயந்து கம்பெனி சர்வீஸுக்கே போய்க்கொண்டிருந்த காலம் மாறிவிட்டது. போட்டி ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் 2021 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளன. வாரண்டி உள்ள காரையும் தெருமுனையில் இருக்கும் நல்ல மெக்கானிக்கிடம் சர்வீஸ் செய்யலாம். இன்வாய்ஸையும் என்ன பாகம் மாற்றினார் என்ற குறிப்பையும் மட்டும் பத்திரமாக வையுங்கள். அவர் செய்த வேலையால் ஏதாவது கெட்டால் அந்தப் பாகத்துக்குக் கம்பெனி பொறுப்பேற்காது.

அட்வான்ஸும், தகராறு வந்தால் செய்ய வேண்டியதும்

2022 வெள்ளத்துக்குப் பிறகு மண்ணைத் தாங்கும் சுவர்கள் சரிந்து கிடந்தபோது எல்லோரும் ஒரே வாரத்தில் பில்டரைத் தேடினார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டிவிட்டது. ஒரு லோடு மணலோடு வேலை நின்றது. அவசரத்தில் யாரும் செய்யக்கூடியதுதான். (இடையே ஒன்று: மண்ணைத் தாங்கும் உயரமான சுவருக்குக் கொத்தனார் மட்டும் போதாது, என்ஜினீயர் வரைபடம் வேண்டும்.)

பொருள் வாங்கும் அளவுக்கு முன்பணம் கேட்பது நியாயம். அந்தப் பொருள் கடைக்காரரின் பில்லைக் கேட்டு, நேராகக் கடைக்கே கட்டலாம். மீதியை வேலையின் கட்டங்களுக்கு ஏற்பப் பிரியுங்கள்: அஸ்திவாரம் முடிந்ததும் இவ்வளவு, சுவர் எழுந்ததும் இவ்வளவு. இன்வாய்ஸில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். ரசீது இல்லாமல் ரொக்கம் கொடுத்தால் விலை குறையும் என்பவரிடம் சம்மதிக்காதீர்கள், நாளைக்கு உத்தரவாதம் கேட்க உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

வேலை சரியில்லை என்றால் முதலில் அவரிடமே போட்டோவோடு எழுதிக் கேளுங்கள். தரமில்லாத வேலையைச் சரிசெய்து தரவோ, காசில் ஒரு நியாயமான பகுதியைத் திருப்பித் தரவோ கேட்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. மசியவில்லை என்றால் பதினான்கு நாள் கெடு வைத்துக் கடிதம் கொடுங்கள். அதற்கப்புறம் சிறு வழக்கு நீதிமன்றம். 2019 ஏப்ரலில் அதன் உச்ச வரம்பு 20,000 ரேண்ட் ஆக்கப்பட்டது. வக்கீல் கிடையாது, நீங்களே பேசலாம்.

இந்த நீதிமன்றத்தைப் பற்றிப் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஒரு கம்பெனி மீது நீங்கள் அங்கே வழக்குப் போடலாம், ஆனால் கம்பெனி உங்கள் மீது அங்கே வழக்குப் போட முடியாது, தனி மனிதர்களுக்குத்தான் அந்த வழி. ஆகவே மாமனும் மச்சானுமாகச் சேர்ந்து முறையாகக் கம்பெனி பதிவு செய்து பிளம்பிங் நடத்துகிறவருக்கு நீங்கள் 6,000 ரேண்ட் தராமல் இழுத்தடித்தால், அவர் வக்கீல் வைத்துப் பெரிய நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். வரவேண்டிய காசைவிடச் செலவு கூடிவிடும் என்று விட்டுவிடுவார். என் மேசையில் வராக் கடன் என்று நான் எழுதும் தொகைகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை, அதுவும் தெரிந்தவர்களிடம் செய்த வேலைகள். சிறு தொழில்காரர் முன்பணம் கேட்டால் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

வேலை திருப்தியாக முடிந்தால் அன்றைக்கே பணத்தை அனுப்பிவிடுங்கள். மாதக் கடைசி வரை காக்க வைக்க வேண்டாம். அவருடைய உதவியாளுக்கு வாரக் கூலி வெள்ளிக்கிழமை.